டைமிங் பெல்ட் அறுந்தபின் எஞ்சினைச் சோதித்துச் சீர்செய்யும் முறை

அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய ஊர்களில் நெய்யப்படும் துணியும், திருத்தணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் விளையும் காய்கறியும் பூவும் மாங்காயும் இந்நாளில் பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிகளிலேயே வெளியூர் செல்கின்றன. 2005ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் வெளியிட்ட ‘ஏஸ்’ என்னும் வண்டி, நம் மக்கள் வாயில் ‘குட்டி யானை’ என்ற செல்லப் பெயர் பெற்று, மாட்டு வண்டி விட்டுச் சென்ற இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் முதல் டீசல் எஞ்சின் இரண்டு சிலிண்டர் கொண்டது, 702 சி.சி. அளவுடையது. 1998இல் அறிமுகமான இண்டிகா காரின் 1405 சி.சி. டீசல் எஞ்சினைப் பாதியாக்கியது போன்ற அமைப்பு. இவ்விரண்டு எஞ்சின்களிலும், வேறு பல கார்களிலும் வேன்களிலும், முன்புறத்து மூடிக்குள் பல் வைத்த ரப்பர் பட்டை ஒன்று ஓடுகிறது. அதுவே டைமிங் பெல்ட்.

எஞ்சினின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டையின் விலை அற்பம். ஆயினும் அது அறுந்த அன்று வண்டி நிற்கிறது, சரக்கு வாடுகிறது, கடன் தவணையோ நிற்பதில்லை. அந்தக் கலக்கத்தில் உரிமையாளர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். “எஞ்சின் போய்விட்டது, வேறு எஞ்சின் வைக்க வேண்டும்” என்ற சொல்லை நம்பித் தேவைக்கு மேல் செலவு செய்வோர் ஒரு சாரார். புதுப் பட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு புறப்பட்டு, சில நாட்களில் மறுபடியும் நடுவழியில் நிற்போர் மற்றொரு சாரார். சேதம் எதுவரை சென்றிருக்கிறது என்பதை முதலில் அளந்தறிந்தால் இரண்டு நஷ்டங்களையும் தவிர்க்கலாம். அவ்வாறு அளந்தறியும் முறை பெரிய வித்தையன்று.

நெசவாளர்களுக்கு இவ்விஷயத்தை விளக்குவது எளிது. ஏனெனில் அவர்கள் தினமும் பார்க்கும் விசைத்தறியில் இதே ஏற்பாடு உள்ளது. சாதா நெசவுத் தறியில் மேலே ஒரு கிராங்க் ஷாப்டும் கீழே ஒரு பாட்டம் ஷாப்டும் இருக்கின்றன. மேல் ஷாப்டு இரண்டு முறை சுற்றினால் கீழ் ஷாப்டு ஒரு முறை சுற்றும். மேல் ஷாப்டு அச்சைத் தாங்கிய பலகையை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. கீழ் ஷாப்டில் உள்ள டாப்பெட்டுகள் பாவு இழைகளை மேலும் கீழுமாகப் பிரித்து வாய் திறக்கின்றன. திறந்த வாயினூடே நாடா ஓட வேண்டும்; அது கடந்த பிறகே வாய் மூட வேண்டும். பழுது பார்த்தபின் இரண்டு ஷாப்டுகளையும் இணைக்கும் பற்சக்கரங்களைத் தவறான பல்லில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? நாடா வெளியேறுமுன் வாய் மூடும். நாடா பாவினுள் சிக்கும். இழைகள் கொத்துக் கொத்தாக அறுந்துபோகும். ஒவ்வோர் உறுப்பும் நன்றாகவே இருக்கும். நேரம் மட்டுமே தவறியிருக்கும்.

நான்கு வீச்சு எஞ்சினும் இப்படித்தான். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் ஷாப்டு இரண்டு முறை சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டு ஒரு முறை சுற்ற வேண்டும். டாப்பெட் என்ற பெயர்கூட இரண்டுக்கும் பொதுவே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நாடா பெட்டிக்குள் வந்து சேரவில்லையென்றால் தறி ‘டக்’கென்று நின்று பாவைக் காப்பாற்றும்படி அதில் ஒரு தடை அமைந்திருக்கிறது. எஞ்சினில் அத்தகைய காவல் எதுவும் இல்லை.

வயலில் நாம் பயன்படுத்தும் பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் பம்பு எஞ்சினில் கிராங்க்கும் கேமும் இரும்புப் பற்சக்கரங்களால் இணைந்தவை. அவை எளிதில் தோற்பதில்லை. ஆகையால் பம்பு எஞ்சினில் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதாகத் தோன்றலாம். கார் எஞ்சின்களில் கேம் ஷாப்டு தலைப்பகுதியின் உச்சிக்கு ஏறிவிட்டபடியால், எடை குறைவாகவும் ஓசையின்றியும் அதைச் சுழற்ற ரப்பர்ப் பட்டை வசதியாயிற்று. பல் வைத்த இப்பட்டை 1940களில் அமெரிக்காவில் சிங்கர் தையல் யந்திரத்துக்காக உருவானது என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். பெருமளவில் விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பெற்றது 1962இல். ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் செய்த 1004 என்ற கார் அது.

இனி, பட்டை அறுந்த கணத்தில் உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். டீசல் எஞ்சினில் காற்றை மிக இறுக்கிச் சூடேற்ற வேண்டியிருப்பதால், உச்சிக்கு வந்த பிஸ்டனுக்கும் தலைப்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியே இருக்கும். முழுவதும் திறந்த வால்வோ 8, 9 மில்லிமீட்டர் கீழே இறங்கி நிற்கும். பட்டை அறுந்ததும் கேம் ஷாப்டு நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். வண்டியின் வேகத்தால் கிராங்க் தொடர்ந்து சுழலும். நிமிஷத்துக்கு 2000 சுற்று என்றால் ஒரு வினாடிக்கு 33 முறை பிஸ்டன் மேலே வருகிறது. திறந்து நிற்கும் வால்வின் மீது அது மோதினால் வால்வின் தண்டு வளையும், ராக்கர் முறியும், சில சமயம் கேம் ஷாப்டே உடையும். சில பெட்ரோல் எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை எட்டாதபடி இடம் விட்டிருப்பார்கள். அவற்றில் புதுப் பட்டை போட்டால் போதும். தம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கையேட்டிலோ விற்பனையாளரிடமோ முன்னதாகவே கேட்டறிந்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் எவ்வித முன்னறிவிப்புமின்றி அணைந்தால் உடனே கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட விசை எஞ்சினோடு நின்றுபோவதால், இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பிரேக் கட்டையாக இறுகிவிடும். ஆதலால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக அழுத்தி ஓரம் கட்டுக. அதன்பின் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையில் தலையாயது. செல்ஃப் எடுத்துப் பார்க்காதீர்கள். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கியரில் வைத்து இழுக்கவும் விடாதீர்கள். முதல் மோதலில் தப்பிய வால்வு இரண்டாம் மோதலில் வளையக்கூடும். நல்லெண்ணத்தோடு தள்ளிவிடுபவர்களுக்கு நம் ஊர்ப் பக்கம் குறைவே இல்லை. அவர்களிடம் நயமாக மறுத்துவிடுவதே நல்லது.

பட்டைதான் காரணமா என்பதை உறுதிப்படுத்துவது எப்படி? யாராவது செல்ஃபை ஒரு முறை தட்டிவிட்டிருந்தால் அதன் ஓசையே சொல்லிவிடும்: வழக்கமான திணறல் இன்றி, சுமையற்ற மோட்டார் போல லேசாகவும் வேகமாகவும் சுழலும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் எரிபொருள் பம்பையும் இதே பட்டை ஓட்டுவதால் சைலன்சரில் புகை சிறிதும் வராது. ஓசையை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. பட்டையின் மேல்மூடியை நாலைந்து திருகுகளில் கழற்றிவிடலாம். கழற்றிப் பார்த்தால் உண்மை கண்முன் தெரியும். பட்டை அறுந்திருக்கலாம், அறுபடாமல் கிராங்க் பக்கத்துப் பற்கள் மட்டும் உதிர்ந்திருக்கலாம். ஒன்றிரண்டு பல் நழுவிய பட்டை பார்வைக்கு நன்றாகவே தோன்றும். எஞ்சின் ஓடவும் செய்யும். ஆனால் இழுவை குறையும், புகை மிகும், ஸ்டார்ட் ஆகத் தாமதிக்கும். அத்தகைய எஞ்சினையும் மேலும் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

கழற்றிய பட்டையைத் தூர எறியக்கூடாது. அது ஒரு சாட்சி. எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் கிராங்க் அல்லது கேம் ஷாப்டின் எண்ணெய் சீல் கசிகிறது. ஓரம் மட்டும் பிசிறு பிசிறாகத் தேய்ந்திருந்தால் பட்டையை இறுக்கும் டென்ஷனரோ கப்பியோ சாய்ந்து ஓடுகிறது. ஓரிடத்தில் மட்டும் பற்கள் உதிர்ந்திருந்தால் ஏதோ ஓர் உறுப்பு திடீரென இறுகி நின்றிருக்கிறது. முதுகில் வெடிப்பு வெடிப்பாக இருந்தால் அது முதுமை. காரணத்தை அறியாமல் புதுப் பட்டையை மாட்டினால் பழைய காரணமே அதையும் தின்றுவிடும். ஆகவே டென்ஷனர், கப்பி, கேம் ஷாப்டு ஆகியவற்றையும், இதே பட்டையால் ஓடுமாயின் தண்ணீர் பம்பு, எரிபொருள் பம்பு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கேம் ஷாப்டைக் கையால் சுழற்றுமுன், அடுத்துச் சொல்லப்போகும்படி பிஸ்டன்களை வழியிலிருந்து விலக்கிவிட வேண்டும். டென்ஷனரின் பேரிங்கில் கரகரப்போ ஆட்டமோ இருந்தால் அது குற்றவாளி. எண்ணெய் எட்டாமல் கேம் ஷாப்டே இறுகியிருந்தால் பட்டை வெறும் பலியாள். உண்மையான நோய் வேறு.

அடுத்தது, தலைப்பகுதியைத் திறக்காமலேயே வால்வுகளின் நிலையை அறிவது. கிராங்க் கப்பியின் போல்ட்டில் ஸ்பானர் வைத்து மெல்லத் திருப்பி, எல்லாப் பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுவழியில் நிற்குமாறு செய்க. நான்கு சிலிண்டர் எஞ்சினில் உச்சக் குறியிலிருந்து கால் சுற்று தள்ளினால் இந்நிலை வரும். திருப்பும்போது தடை தட்டினால் வலிந்து திருப்பலாகாது, எதிர்ப்பக்கம் திருப்புக. பிஸ்டன்கள் நடுவில் நிற்கும்போது கேம் ஷாப்டை எப்படிச் சுழற்றினாலும் மோதல் இல்லை. இப்போது வால்வு மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வையும் மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, ஃபீலர் கேஜால் டாப்பெட் இடைவெளியை அளக்க வேண்டும். தண்டு வளைந்த வால்வு முழுவதும் மேலே திரும்பி வராது. ஆதலால் அங்கே இடைவெளி அளவுக்கு மீறித் தெரியும். எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் டாப்பெட்டுகளில் இந்தச் சோதனை பலிக்காது.

இதைவிட நம்பகமானது காற்றுச் சோதனை. ஹீட்டர் பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றைச் செலுத்த வேண்டும். பழைய ஹீட்டர் பிளக் ஒன்றைக் குடைந்து வால்வு ஊசி பொருத்திக் கொடுக்கும்படி லேத் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். பஞ்சர் கடைக் காற்று யந்திரமே போதும். அந்தச் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கவேண்டும். காற்று தள்ளி கிராங்க் சுழன்றுவிடாதபடி அதைத் தடுத்துப் பிடித்திருக்கவேண்டும். பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். சைலன்சர் வழியே சீறினால் புகை வால்வு வளைந்திருக்கிறது. காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் உறிஞ்சும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் மிகுதியாக வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. அது பழைய பிணி, பட்டை அறுந்ததால் வந்ததன்று. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கட்டிலோ தலைப்பகுதியிலோ வழி உண்டாகியிருக்கிறது. எல்லாச் சிலிண்டர்களும் காற்றைப் பிடித்து நிறுத்தினால், ராக்கர்களும் முழுசாக இருந்தால், தலைப்பகுதியைத் திறக்க வேண்டியதே இல்லை. புதுப் பட்டை பூட்டி, கையால் இரண்டு முழுச் சுற்று தடையின்றிச் சுழல்வதைக் கண்டு, கம்ப்ரஷன் கேஜால் ஒரு முறை அளந்துவிட்டால் போதும். டீசலில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோவுக்கு மேலும், பெட்ரோலில் 10 முதல் 13 கிலோ வரையிலும் இருப்பது பொதுவான நல்ல நிலை. சரியான அளவைக் கையேடு சொல்லும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வேற்றுமை இல்லாமலிருப்பது அதைவிட முக்கியம்.

இச்சோதனைகளின் முடிவை, எந்தச் சிலிண்டரில் என்ன கண்டது என்று ஒரு காகிதத்தில் எழுதித் தரும்படி பட்டறையில் கேட்பது உங்கள் உரிமை. நம் எல்லைப்புறப் பட்டறைகளில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு. காற்றுச் சோதனை செய்துவிட்டுப் பேசுபவரை நம்பலாம். மூடியைக் கழற்றுமுன்பே முழு எஞ்சினுக்கு விலை சொல்பவரிடம் வண்டியை விடுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய எஞ்சின்கள் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அவற்றின் கதை எவருக்கும் தெரியாது. அன்றியும் வண்டியின் பதிவுச் சான்றில் எஞ்சின் எண் குறிக்கப்பட்டிருப்பதால், எஞ்சினை மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். சாதாரண வாகன இன்ஷூரன்ஸ், யந்திரக் கோளாறால் நேரும் செலவை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க. இச்செலவு முழுவதும் உரிமையாளரின் கைப்பணம்.

தலைப்பகுதியைத் திறக்க நேர்ந்தால், முதலில் பிஸ்டன்களின் தலையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பிறைபோன்ற வெண்தழும்பு மட்டும் இருந்தால் கவலையில்லை. வெடிப்போ துளையோ இருந்தால் பிஸ்டனை மாற்றியே ஆகவேண்டும். பலர் விட்டுவிடும் சோதனை ஒன்றுண்டு: ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மட்டத்திலிருந்து அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை டயல் கேஜால் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அதன் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. அதைப் பாராமல் தலையை மூடினால், முழு வேலையையும் மறுபடி செய்யும்படி ஆகும்.

வளைந்த வால்வை நிமிர்த்திப் போடுவது கூடவே கூடாது. நிமிர்த்திய தண்டு ஒரு நாள் ஓட்டத்தில் ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்தால், அப்போது உண்மையிலேயே வேறு எஞ்சின் தேட வேண்டிவரும். வளைந்த வால்வின் கைடில் வெடிப்போ தேய்வோ இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் அதையும் மாற்றுக. புது வால்வை அதன் இருக்கையில் பசை தடவித் தேய்த்து, முழு வட்டமாகச் சாம்பல் நிறக் கோடு விழச் செய்ய வேண்டும். பிறகு வால்வுகளைப் பூட்டி, காற்றுப் பாதையில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, ஒரு சொட்டும் கசியாதிருப்பதைக் காண வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை; உரிமையாளர் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். தலைப்பகுதியின் அடிமட்டத்தை நேர்கோலும் ஃபீலர் கேஜும் கொண்டு குறுக்கும் நெடுக்குமாகச் சோதிப்பதும் அவசியம்.

ஹெட் கேஸ்கட் வாங்குவதில் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. டீசல் எஞ்சின் பலவற்றுக்கு வெவ்வேறு கனத்தில் கேஸ்கட்டுகள் உண்டு. ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டுகளின் எண்ணிக்கை அதன் கனத்தைக் குறிக்கும். மேலே சொன்ன பிஸ்டன் உயரத்தைக் கொண்டுதான் கனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனம் குறைந்ததைப் போட்டால் பட்டை சரியாக இருக்கும்போதே பிஸ்டன் வால்வைத் தட்டும். மிகுந்ததைப் போட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. தலைப்பகுதியின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேடு சொல்லும் படிகளில், டார்க் ரெஞ்சு கொண்டே முறுக்க வேண்டும். கோண அளவில் முறுக்கப்படும் போல்ட்டுகள் பல, ஒரே முறை பயன்படுபவை.

இனி பட்டையைப் பூட்டுதல். கிராங்க், கேம், எரிபொருள் பம்பு ஆகிய மூன்றின் சக்கரங்களிலும் குறிகள் உள்ளன. மூன்றும் தத்தம் குறியில் நின்றபின், இறுக்கும் டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வின்றி வருமாறு பட்டையை மாட்டி, கடைசியாக டென்ஷனரை விட வேண்டும். பிறகு ஸ்பானரால் கிராங்க்கை ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடியும் சேருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தவறியிருந்தாலும் மறுபடி கழற்றி மாட்ட வேண்டியதுதான். பாவு பிணைக்கையில் ஓரிழை மாறினால் முழுவதையும் பிரித்துச் சேர்க்கும் பொறுமை நம்மவர்க்கு உண்டு. அந்தப் பொறுமையை மெக்கானிக்கிடமும் எதிர்பார்க்கலாம். டென்ஷனர், கப்பி, எண்ணெய் சீல்கள் ஆகியவற்றையும், பட்டையால் ஓடுவதாயின் தண்ணீர் பம்பையும் அப்போதே புதிதாக்குவது சிக்கனம். அவற்றுக்காகப் பிற்பாடு மீண்டும் பிரித்தால் கூலி இரட்டிப்பாகும்.

எஞ்சின் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றி, எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்க. முதல் சில நிமிஷங்கள் சுமையின்றி மெல்ல ஓடட்டும். தட்டும் ஓசை கேட்டால் உடனே நிறுத்துக.

பட்டையின் ஆயுளைப் பற்றி ஒரு சொல். பல எஞ்சின்களுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரையிலும், அல்லது நான்கைந்து ஆண்டுகள் வரையிலும், எது முந்துகிறதோ அதுவரை, என்று கெடு சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு உரிய கெடு கையேட்டில் இருக்கும். இந்தக் கிலோமீட்டர்க் கணக்கு நம் வண்டிகளுக்கு முழுப் பொருத்தமானதன்று. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலையடிவாரத்திலும், விடியற்காலையில் கோயம்பேட்டு வாசலிலும் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும் வண்டியில் மீட்டர் நகராது. பட்டையோ சூட்டிலும் புழுதியிலும் சுற்றிக்கொண்டேயிருக்கும். அத்தகைய வண்டிக்குக் கெடு முடியுமுன்பே மாற்றிவிடுவது உத்தமம். பழைய வண்டியை வாங்குபவர்கள், முன்னவர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். புதுப் பட்டை போட்ட தேதியையும் மீட்டர் எண்ணையும் அழியாத மையால் பட்டை மூடியின் மீதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் மாறினாலும், வண்டி கைமாறினாலும், அடுத்து மூடியைப் பார்ப்பவருக்கு அது தெரியும்.